அட்டையின் முதல் வரி

தாராவியில் நாங்கள் வளர்ந்த சால் என்னும் வரிசைக் குடியிருப்பின் பொதுக் கழிப்பறையில் ஆண்கள் பக்கம் எட்டுக் கதவுகள், பெண்கள் பக்கம் ஆறு. அந்த ஆறில் இரண்டு எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் பூட்டியே கிடந்தன. உள்ளே குடியிருப்போர் சங்கத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளும் விழாவுக்குப் போடும் சீரியல் பல்புகளும் இருந்தன. சாவி சங்கச் செயலாளரின் இடுப்பில் இருந்தது.

அக்கா செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. காலை ஏழு மணிக்கு வேலைக்கு நிற்க வேண்டும். மூன்று நாள் தாமதமானால் ஒரு நாள் ஆப்சென்ட். அவள் தாமதமானதற்குப் பெரும்பாலும் பஸ் காரணமில்லை, தண்ணீர் வாளியோடு நின்ற வரிசைதான் காரணம். இரண்டு கதவுகளையும் திறந்துவிடச் சொல்லிப் பல முறை கேட்டுப் பார்த்தாள். "நாற்காலியை எங்கன கொண்டு வைக்க?" என்பதே செயலாளரின் பதில்.

போன மழைக்காலம் முடிந்த சமயம், சங்கக் கமிட்டி உறுப்பினர் ஒருவர் கல்யாண் நகருக்குக் குடிபோனதால் ஓரிடம் காலியானது. செயலாளரின் மைத்துனர் நின்றார். அக்காவும் நிற்பதாகச் சொன்னாள். அதுவரை அந்தச் சங்கத்தில் பெண் யாரும் நின்றதில்லை. ஓட்டுப் போட்டதும் இல்லை.

செயலாளர் கோபப்படவில்லை. "நில்லு தங்கச்சி, யாரு வேண்டாங்கா? ஆனா வீட்டுக்கு ஒரு ஓட்டுதான். அதையும் குடும்பத் தலைவருதான் போடணும். ரூல் இருக்கு" என்றார்.

அந்த விதியை எழுதியவன் நான். பல வருடங்களுக்கு முன், ஒரே வீட்டிலிருந்து நான்கு சகோதரர்கள் ஓட்டுப் போட வந்து கைகலப்பானது. அப்போதுதான் நான் தமிழ்ப் பத்திரிகையில் சேர்ந்திருந்தேன். செயலாளர் என்னைக் கூப்பிட்டு விதியைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார்: 'ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் எனக் குறிப்பிடப்பட்டவர் மட்டுமே வாக்களிக்கலாம்.' நான் அதில் இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். பெண்களுக்கு ஓட்டில்லை என்பது என் கண்ணில் படவே இல்லை.

பிறகு சட்டம் மாறி, புது அட்டைகள் வந்தன. வீட்டின் மூத்த பெண்ணைக் குடும்பத் தலைவராகப் போட்டு, எல்லாம் மராத்தியில் அச்சாகியிருந்தன. அதைக் காட்டிப் பெண்கள் அரிசி வாங்கினார்கள். ஆண்கள் பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டார்கள். முதல் வரியை யாரும் படிக்கவில்லை.

படித்தது அக்காவின் மகள். தேர்தலுக்கு முந்தைய நாள் மாலை, கல்லூரி விண்ணப்பத்துக்காக அட்டை எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதுல நீதான் குடும்ப பிரமுக்."

"அப்படின்னா?"

"வீட்டுக்குத் தலைவி."

"ஏட்டி, உங்கப்பாட்ட சொல்லிராத. மனுசன் மயங்கி விழுந்திருவாரு" என்று அக்கா சிரித்தாளாம். பிறகு சிரிப்பு நின்றிருக்கிறது. நவி மும்பை சான்பாடாவில் குடியிருந்த எனக்குப் போன் வந்தது.

"தம்பி, நீ எழுதுன ரூலை ஒரு எழுத்து விடாம சொல்லு."

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது.

"நாளைக்கு வெள்ளனே வந்துரு" என்று வைத்துவிட்டாள். அன்று மாலையே அவளும் மகளும் வீடு வீடாகப் போனார்கள்.

ஞாயிறு பதினொரு மணி. சர்ச்சுக்குப் போனவர்கள் திரும்பியிருந்தார்கள். சங்க அறைக்குள் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தி அட்டையைப் பைபிள் உறைக்குள் வைத்திருந்தாள். இன்னொருத்தி அரிசி வாங்கும் பையோடே வந்திருந்தாள். எனக்கு அங்கே ஓட்டில்லை. சுவரோரம் நின்று குறிப்பெடுத்தேன். தொழில் பழக்கம்.

அக்கா எழுந்தாள். "அண்ணாச்சி, ஓட்டு எடுக்கதுக்கு முன்னால அந்த ரூலைக் கொஞ்சம் வாசிங்க."

செயலாளர் நோட்டைப் பிரித்து உரக்க வாசிக்க ஆரம்பித்தார். 'ரேஷன் அட்டையில்' என்ற இடத்தில் அவர் பார்வை வாசலுக்குப் போனது. பெண்கள் கையில் இருந்த காவி நிற ரேஷன் அட்டைகளைப் பார்த்தார். நிறுத்தினார்.

"முழுசும் வாசிங்க, கண்ணாடி வேணுமா?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

வாசித்தார். அக்காவின் மகள் தன் வீட்டு அட்டையின் முதல் வரியை மராத்தியில் படித்து, தமிழில் சொன்னாள். அறை ஒரே சத்தமானது.

"அது அரிசி வாங்கதுக்குல்லா போட்டிருக்கு, ஓட்டுக்கா?" என்று எழுந்தார் தோல் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர்.

"சரி மாமா, நீங்க தலைவருன்னு போட்ட அட்டையைக் காட்டுங்க" என்றாள் அக்கா.

அவர் பையைத் தடவினார். அட்டை அவர் மனைவியின் கையில் இருந்தது.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதான எழுதுன. இதுக்கு என்ன அர்த்தம்?"

"எழுதியிருக்கிறதுதான் அண்ணாச்சி."

அவர் நோட்டை இன்னொரு முறை பார்த்தார். மனிதர் பிடிவாதக்காரர், ஆனால் தன் நோட்டுக்குத் துரோகம் செய்யாதவர். "அட்டை இருக்கவுக உள்ள வாங்க" என்றார்.

உள்ளே இடம் போதவில்லை. அட்டையில்லாத ஆண்கள் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது. ஐம்பத்து மூன்று அட்டைகள். பழைய அட்டை வைத்திருந்த எட்டுப் பேர் மட்டும் ஆண்கள். அக்காவுக்கு ஓட்டுப் போடுபவர்கள் அட்டையை உயர்த்தச் சொன்னார் செயலாளர். இத்தனை வருடங்களில் எத்தனையோ ஓட்டு எண்ணிக்கைகளைப் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறேன். அன்றுதான் நானும் கூடவே விரல் விட்டு எண்ணினேன். முதல் எண்ணிக்கையில் முப்பது. அட்டையைத் தோள் வரை மட்டும் தூக்கியிருந்த ஒரு பெண்ணை, "நல்லாத் தூக்கு மைனி, யாரும் பிடுங்க மாட்டாவ" என்று பக்கத்திலிருந்தவள் அதட்டினாள். முப்பத்தொன்று. மைத்துனருக்கு இருபத்திரண்டு.

அந்த இருபத்திரண்டில் செயலாளரின் மனைவியும் இருந்தார். வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தம்பிக்குத்தான் போட்டேன், வருத்தப்படாத. ஆனா நான் போட்டேன்லா!" அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் குறித்துக்கொள்ளவில்லை. தேவைப்படவில்லை.

அக்கா அறைக்குள் திரும்பிப் போய்க் கையை நீட்டினாள். "சாவி, அண்ணாச்சி."

"இப்பமேவா?"

"இப்பமே."

இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து, இரண்டு சாவிகளைக் கழற்றிக் கொடுத்தார். முதல் பூட்டு திறந்தது. இரண்டாவது துருப்பிடித்துக் கிடந்தது. தோல் பட்டறைக்காரரே சுத்தியலோடு வந்து ஓர் அடியில் உடைத்தார். நாற்காலிகள் ஒவ்வொன்றாக வெளியே சந்துக்கு, எங்கள் பேச்சில் கல்லிக்கு, வந்தன. பெண்கள் தூசியைத் தட்டிவிட்டு அவற்றிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பகல் வேளையில், வழியை அடைத்துக்கொண்டு, அத்தனை பெண்கள் சும்மா உட்கார்ந்து சிரித்ததை அந்தக் கல்லியில் நான் பார்த்ததில்லை.

"நாற்காலியை எங்கன வைக்க?" என்று செயலாளர் கேட்டார். பழைய கேள்விதான். இந்த முறை அக்காவிடம் கேட்டார்.

"கமிட்டி கூடிப் பேசுவோம் அண்ணாச்சி" என்றாள் அக்கா.

குழாய் மாற்றி, கழுவி, இரண்டு கதவுகளும் பயன்பாட்டுக்கு வர ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் காலை ஆறரை மணிக்கு அவள் போன் செய்தாள். பின்னால் பறவைச் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க இருக்க?"

"நர்சிங் ஹோம் வாசல்ல. இன்னும் கேட்டே தொறக்கல. வாட்ச்மேன் தூங்குதான்" என்றாள். "எழுப்பவா தம்பி, வேண்டாமா?"