ஏரியூர்ப் பக்கம் குற்றக் கணக்கு உயர்ந்த நாள்

தருமபுரி மண்ணின் தோழர்களே, தாய்மார்களே! களவு கொடுத்தவர் தலைகுனிகிறார். களவாடியவன் சந்தையில் நிமிர்ந்து நடக்கிறான். "ஊர்ப்பெயர் கெடும்" என்னும் அச்சமே நம் வாய்க்குப் பூட்டு. அப்பூட்டு உடைந்ததைக் கண்டு வந்தேன்.

சென்ற தைத் திங்களில், பல நாடுகளின் குற்றங்களை ஒப்பிட்டு ஆய்ந்துவரும் சமூகவியல் பேராசிரியர் செலின் மேரியுடன் ஏரியூர்ப் பக்கம் புறப்பட்டேன். அதியமான்கோட்டை உழவர் குடும்பத்து மகள் அவர். தருமபுரியிலிருந்து பென்னாகரம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அங்கே ஏரியூருக்குப் பேருந்து மாற வேண்டும். "அம்மாவுக்கு ஃப்ரீங்க, உங்களுக்குத்தான் டிக்கெட்டு" என்று நடத்துநர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஏரியூரை அடுத்த சிற்றூரில் கூட்டம் கூடியிருந்தது. கணவரை இழந்த சின்னப்பொண்ணுவின் நான்கு ஆடுகளும் களவு போயிருந்தன. அவர் பிழைப்பே அவைதாம். காவல் நிலையம் செல்ல ஊர் ஒப்பவில்லை. மாறாக, வழக்கப்படி ஊரார் அனைவரும் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தனர்.

"எல்லாரும் சத்தியம் பண்ணியாச்சுங்க. நம்மூர்ல திருடன் இல்லீங்க" என்றார் ஊர்ப் பெரியவர் மாரப்பன்.

"வேன்ல வந்து தூக்கிட்டுப் போனவனையும் கற்பூரம் அடிக்கக் கூப்டீங்களா?" என்று வெடித்தார் சின்னப்பொண்ணு. கூட்டம் சிரித்தது.

"கேஸுன்னு போனா ஊரு பேரு கெட்டுடும். எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார் மாரப்பன்.

பேராசிரியர் எழுந்தார். "நான் போன நாட்டுலயெல்லாம் இதேதாங்க. புகார் குடுக்கிற ஊர்ல குற்றக் கணக்கு பெருசாத் தெரியும். பயந்த ஊர்ல கணக்கு சுத்தமா இருக்கும். ஆடுதான் இருக்காது."

மாரப்பன் துண்டை உதறித் தோளிலிட்டார். "எனக்கும் ரெண்டு ஆடு போச்சுங்க, ஐப்பசியில. மானம் போயிடும்னு வெளிய சொல்லல. நட சின்னப்பொண்ணு, நானும் வர்றேன்."

காவல் நிலையத்தை அடைந்தபோது எங்கள் பின்னே ஒரு வரிசையே நின்றது: கோழி இழந்தோர், கிணற்று மோட்டார் இழந்தோர். அத்தனையும் பதிவாயின. அன்று அவ்வூரின் குற்றக் கணக்கு உயர்ந்தது. அதனினும் உயர்ந்தது அவ்வூரின் தலை!

மறுவாரச் சந்தையில், புகாரில் சொன்ன காதுவெட்டு அடையாளத்தால் சின்னப்பொண்ணுவின் மூன்று ஆடுகள் அகப்பட்டன. தொலைபேசியில் வாழ்த்தினேன். "நாலாவதையும் வுடமாட்டேனுங்க" என்றார் சின்னப்பொண்ணு.

அப்பக்கம் செல்வோரே, மாலைப் பேருந்தைத் தவறவிடாதீர். அடுத்ததற்குக் காத்திருப்பு நீளும். ஆனால் களவு கொடுத்துவிட்டு வாய்மூடி இருப்போரே, உங்களுக்குப் பேருந்தும் காத்திராது, திருடனும் காத்திரான். கற்பூரத்தைக் கடவுளுக்கு விடுங்கள். எழுங்கள்! இன்றே சென்று புகார் கொடுங்கள்!