பை கோணலான சட்டை

என் அம்மா சட்டை கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறார். தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், குறை இருந்தால் சிவப்பு. பதினொரு வருஷமாக அவர் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை. தைப்பவர்கள் வைத்த பெயர் ‘பூதக்கண்ணாடி’.

சிவப்பு விழுந்த சட்டைகள் சனிக்கிழமை ஊழியர்களுக்கே சல்லிசாகக் கிடைக்கும். பட்டம் வாங்கும்வரை நான் போட்டதெல்லாம் அவைதான். யாரோ தைத்து வசவு வாங்கிய சட்டையில்தான் கல்லூரிக்கு மிடுக்காகப் போகிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கு முதல் இன்டர்வியூ. வெள்ளிக்கிழமை அம்மாவின் மேசைக்கு வெளிர்நீலச் சட்டை ஒன்று வந்தது. என் அளவு. பை ஒரு நூல் கோணல். தைத்தது சித்தி, அம்மாவின் தங்கை. அந்த மாதம் சித்திக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு. இரண்டும் அம்மா ஒட்டியவை. மூன்றாவது விழுந்தால் தையல் மிஷினிலிருந்து எழுப்பி, குறைந்த கூலிக்கு நூல் பிசிறு வெட்ட அனுப்பிவிடுவார்கள்.

அம்மா பச்சையை ஒட்டிவிட்டார்.

சாயங்காலம் அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. “தங்கச்சின்னு விட்டுட்டியா? தப்பில்லையாம்மா?”

“தப்புதான்.”

“அப்போ ஒதுக்கியிருக்கணும்.”

“போன ரெண்டு தடவை யோசிக்காம ஒட்டினேன்டா. இந்தத் தடவை முதல்ல அளவைப் பார்த்துட்டேன். சிவப்பு விழுந்தா நாளைக்கு உனக்கு வாங்கிடலாம், எடுப்பா இருக்கும்னு தோணிடுச்சு. அப்புறம்தான் கோணல் கண்ணுல பட்டுச்சு. நிஜமாவே கோணலா, நானாத் தேடினேனான்னு எனக்கே தெரியல.”



அதற்குள் அடுத்த தெருவிலிருந்து சித்தியே வந்துவிட்டார். “என்னக்கா, பூதக்கண்ணாடியில கீறலா? இன்னிக்கு என் கட்டு முழுக்கப் பச்சை!”

“ரொம்ப ஆடாதே. பையை மட்டும் நிதானமாத் தை.”

“பார்த்தியாடா, பாஸ் பண்ணினாலும் ஒரு குத்தம் சொல்லாம இருக்க முடியுதா உங்கம்மாவால?” என்றவர், கொடியில் கிடந்த என் வெள்ளைச் சட்டையை எடுத்துப் பார்த்தார். காலர் ஒரு பக்கம் நீளம். “இதைப் போட்டுட்டா இன்டர்வியூக்குப் போகப்போறே? கொடு.”

ஞாயிற்றுக்கிழமை காலரைப் பிரித்துத் தைத்துக் கொண்டுவந்தார். அம்மா பழக்கதோஷத்தில் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சித்தியும் நானும் மூச்சை அடக்கி நின்றோம். வெகுநேரம் பார்த்தார்.

“போட்டுக்கோ” என்றார்.

காலர் சரியாகிவிட்டதா என்று நான் கேட்கவில்லை.