கைநாட்டுக்காரி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘பெட்ஷீட் அக்கா’ என்றுதான் பேர். பதினோரு வருஷமாக நோயாளிகளின் விரிப்புகளைச் சூடான உருளையில் விட்டு எடுத்து, நாலாய் மடித்து, மாடி மாடியாய் அனுப்புகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அன்று காலை வருகைப் பதிவேட்டைத் திறந்தால் அவள் வரிசையில் சிவப்பு மையில் ஒரு கோடு. அவளுக்குப் படிக்க வராது. அந்தக் கோட்டைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவைப்படவில்லை.

ஆபீசர் ஒரு கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். குடும்பச் சூழ்நிலை காரணமாக வேலையை விட்டு விலகிக்கொள்வதாக, போன மாசம் பதினொண்ணாம் தேதி, முறைப்படி ஒரு மாத நோட்டீஸோடு அவளே எழுதிக் கொடுத்ததாம். நோட்டீஸ் நேற்றோடு முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் நேரில் வந்து கொடுத்தாராம், அவளுக்குக் கூச்சம் அதிகம் என்று சொல்லி.

“இது உன் கையெழுத்தா, இல்லையாம்மா?”

“என் கையெழுத்துதான் சார். ஆனா நான் போடலை.”

ஆபீசர் சிரித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, கேட்கிறவர் யாராயிருந்தாலும் சிரிப்பு வரும்.

அந்தக் கையெழுத்தின் கதை அப்படி. அவள் புருஷன் அரசாங்க அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். கல்யாணமான புதிதில் பேங்கில் அவள் கட்டைவிரலை மையில் தோய்த்ததைப் பார்த்து அவருக்கு முகம் செத்துப்போனது. மனு எழுதறவன் பொண்டாட்டி கைநாட்டுன்னா எவன் என்கிட்ட மனு எழுத வருவான் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். மறுநாளே ஒரு நோட்டு வாங்கிவந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து எழுத வைத்தார். முதலில் ஒரு சுழி, அப்புறம் ஒரு சாய்ந்த இழுப்பு, அடியில் இரண்டு புள்ளி. ஆறு மாசம் பிடித்தது. மீதி எழுத்தையும் சொல்லிக் கொடுங்களேன் என்று கேட்டதற்கு, உனக்கு இது போதும் என்றுவிட்டார்.

போதும் என்பதை அவரே தீர்மானிப்பார். போன் வந்தால் அவர்தான் எடுப்பார். பஸ் பாஸ் அவர் சட்டைப்பையில் இருக்கும், காலையில் கைக்கு வரும், சாயங்காலம் திரும்பப் போகும். சலவைக்கூடத்துக்குப் போன் போட்டு, கிளம்பி எத்தனை நிமிஷமாச்சு என்று விசாரிப்பார். வந்தவர்கள் அவளிடம் டீயா காபியா என்று கேட்டால் அவர் பதில் சொல்வார். ஒருநாளும் கை நீட்டியதில்லை. அதையும் அவரேதான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

நாலு மணி நேரப் பயணத்தில் இன்னொரு ஊரில் ஆஸ்பத்திரி புதுக் கட்டடம் திறந்தது. அங்கே போகிறவர்களுக்குத் தங்க ஓர் அறை உண்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற அறை. ஆபீசில் டைப் அடிக்கிற பெண்ணை எழுதித் தரச் சொல்லி, யாருக்கும் தெரியாமல் விண்ணப்பம் போட்டாள். அந்தச் சுழியையும் இழுப்பையும் தனக்கென்று அவள் போட்டது அன்றைக்குத்தான். அந்தப் பெண் ஏதோ விவரம் கேட்க வீட்டுக்குப் போன் செய்தது போன மாசம் பத்தாம் தேதி. வழக்கம்போல அவர்தான் எடுத்தார்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் உருளையில் மாட்டி அவள் வலதுகை வெந்திருந்தது, விரல் தெரியாமல் மூணு வாரம் கட்டு. கட்டோடுதான் வேலைக்கும் போய்வந்தாள். அந்த மூணு வாரமும் அவர் கரண்டியால் ஊட்டிவிட்டார். “இனிமே உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?” என்றார். கையைப் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்து, சாப்பிட்டுக்கொண்டே அழுதாள்.

இப்போது ஆபீசர் முன்னால் நிற்கையில் அந்தக் கரண்டி ஞாபகம் வந்தது. வாய்வரை ஊட்டிய மனுஷனுக்கு, கட்டுப்போட்ட கை கையெழுத்துப் போடாது என்பது உறைக்கவே இல்லை. அந்தக் கையெழுத்துக்கு அவள் கை வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

“அந்தத் தேதிக்குப் பதிவேட்டைத் திருப்பிப் பாருங்க சார்.”

திருப்பினார். எட்டாம் தேதிக்குப் பிறகு மூணு வாரமும் அவள் வரிசையில் இடது கட்டைவிரல் ரேகை, நீலமாக, நாளுக்கொன்று. ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது புருஷன் பெண்டாட்டி சமாசாரம், வீட்டுக்காரரைக் கூட்டிவந்து அவரையே கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல் என்றார்.

“வேலை அவருக்கா எனக்கா சார்?”

விஷயம் மேலே போனால், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் ஏன் வாங்கினாய் என்று தன்னைத்தான் கேட்பார்கள் என்பது ஆபீசருக்கு உறைத்திருக்க வேண்டும். கடிதத்தின் குறுக்கே ‘ரத்து’ என்று எழுதினார். புது ஊர் வேலையைப் பற்றிக் கேட்டாள். அது போன வாரமே வேறொருத்திக்குப் போய்விட்டதாம், அவள் பெட்டி படுக்கையோடு போய்ச் சேர்ந்தும் விட்டாளாம். அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது.

டைப் அடிக்கிற பெண் குனிந்த தலை நிமிராமல் இன்னொரு விண்ணப்பம் அடித்து நீட்டினாள். பேனாவையும் நீட்டினாள். பெட்ஷீட் அக்கா மேசை மேலிருந்த மைப்பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

“இனிமே எனக்கு எல்லாத்துக்கும் ரேகைதான்.”

இவ்வளவு அழகான கையெழுத்தை வைத்துக்கொண்டு ஏன்மா என்று ஆபீசர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் புருஷன் நின்றிருந்தார். காலையிலேயே அழுதுகொண்டு வருவாள் என்று எதிர்பார்த்தவர் ரொம்ப நேரமாகக் காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. பாஸுக்காகக் கையை நீட்டினார். கொடுக்கும்போது விரலில் மை தெரிந்தது.

“மறுபடியும் கைநாட்டா? வெக்கமா இல்ல?”

வெட்கமாகத்தான் இருந்தது. நோட்டு நோட்டாய் எழுதிப் பழகிய ஆறு மாசம் அந்த மைக்குள் போயிருந்தது.

“ஆமாங்க” என்றாள்.

வீடுவரைக்கும் அவர் அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தார், அந்த ரேகையை எப்படிப் போடுவது என்று யோசிக்கிறவர் மாதிரி.