பூட்டிய வீட்டுக்கு வெளியே

பூட்டு விழும் சத்தம், அதை அம்மா இரண்டு தரம் இழுத்துப் பார்க்கும் கரகரப்பு, பிறகு ஈரமண்ணில் அவளுடைய ரப்பர் காலணிகள் சளக் சளக்கென்று விலகிப்போகும் ஓசை. அந்த மழைக்காலத்தில் என் விடியல்களெல்லாம் இப்படித்தான் தொடங்கின. இருட்டு விலகாத வீட்டுக்குள் பாயில் படுத்தபடி, கதவின் அந்தப்பக்கம் உலகம் சுருங்கிக்கொண்டே போவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போது எனக்கு எட்டு வயது.

பத்து காஜா நகரத்திலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் சாலை முடிகிற இடத்தில் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. அம்மா பால் மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்க, போவாள்; அப்பாவுக்குப் பால் நிறுக்கும் கொட்டகையில் வேலை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு'க்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை 'ஆயாக் கொட்டகை'யில் விட்டுச் செல்வதுதான் வழக்கம். நானும் அங்கே வளர்ந்தவள்தான். ஆனால் அந்த வருட இறுதி விடுமுறையில் அம்மா யாரையும் நம்பவில்லை. என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு போனாள்.

காரணம், என் தம்பி அந்தோணி அந்த ஆண்டின் வெயில் மாதங்களில் இறந்துபோயிருந்தான். தோட்டத்து எல்லைக்கு அப்பால் ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்டுப்போன பெரிய குட்டை ஒன்று கிடந்தது. 'லொம்போங்' என்று மலாய்ச் சொல்லாலேயே அதைச் சொல்வோம். கரையில் கணுக்கால் அளவு நீர். ஓரடி தள்ளி வைத்தால் அடியே இல்லாத பச்சை ஆழம். எனக்கு அம்மை போட்டிருந்த ஒரு நாளில், எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தின் கடைசி வீட்டுக் கமலா அவனை மீன் பிடிக்க அங்கே கூட்டிக்கொண்டு போனாள். பன்னிரண்டு வயதுப் பெண். எப்போதும் அவனை இடுப்பிலும் என்னைக் கையிலுமாய்க் கூட்டித் திரிந்தவள். அன்று மதியம் அவள் தனியாகத் திரும்பி வந்தாள். தலைமுதல் கால்வரை நனைந்து, வாய் திறந்தும் சத்தம் வராமல் எங்கள் வாசலில் நின்றாள். ஆண்கள் ஓடினார்கள். பொழுது சாயும் நேரத்தில் அப்பாதான் அவனைத் தூக்கி வந்தார்.

"அவ மட்டும் எப்படி வந்தா?" என்று அம்மா கேட்டாள். அதன்பிறகு பல மாதங்களுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. சோறு வடிக்கும்போதும், என் தலையை வாரும்போதும், யாரும் இல்லாத திசையைப் பார்த்து அதையே கேட்பாள். "அதுவும் சின்னப் புள்ளதானே, அருளாயி" என்று அப்பா ஒருமுறை சொன்னபோது, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வீட்டில் தம்பி இருந்துகொண்டேதான் இருந்தான். அவனுடைய சட்டைகளை அம்மா வாரம் தவறாமல் துவைத்துக் கொடியில் போடுவாள். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் காதுகளைப் பொத்திக்கொள்வாள். அடுப்படியின் சிமெண்டுத் தரையில் ஈரக்கால் தடம் தெரிந்தால், அது என் கால்தான் என்று தெரிந்தும், அது காய்ந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். நான் அந்தத் தடங்களைக் கண்டு பயந்தேன். குளித்துவிட்டு வந்தால் துணியால் பாதங்களை அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன்.

எல்லாரையும்விட மாறிப்போனவள் அம்மாதான். லயத்தில் யாருக்குப் பிரசவ வலி கண்டாலும் முதலில் ஓடியவள் அவள். இப்போது பக்கத்து வீட்டில் குழந்தை ஜன்னி கண்டு கிடந்து, "அருளாயி அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க" என்று அதன் தாய் கதவைத் தட்டியபோதும் அம்மா எழவில்லை. என்னை மடியில் இறுக்கிக்கொண்டு, "நம்மளுக்கு வந்தப்ப யாரு தடுத்தா?" என்று முணுமுணுத்தாள். அவளுடைய கவலை என்ற அந்தச் சின்ன வீட்டுக்குள் நான் ஒருத்திக்கு மட்டுமே இடமிருந்தது. எனக்கும் மூச்சு முட்டியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பூட்டில்லாமல் வெளியே போவோம். தோட்டத்தில் பலகையால் கட்டிய சிறிய கிறிஸ்தவக் கோயில் இருந்தது. சாமியார் மாதம் ஒருமுறை வருவார், மற்ற வாரங்களில் உபதேசியார் செபம் நடத்துவார். 'பரலோக மந்திரம்' சொல்லும்போது அம்மாவின் புடவையைப் பிடித்தபடி நிற்பேன். எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்ற பொருளில் வரும் இடத்தில் அவள் குரல் நின்றுவிடும். அடுத்த வரிக்கு வந்ததும் மீண்டும் சேர்ந்துகொள்ளும். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது என் கன்னத்தில் தெரியும்.

பூட்டிய வீட்டில் சில நாட்கள் கழிந்திருக்கும். ஒரு காலை, வெளிச்சம் வந்த பிறகு, சன்னலுக்குக் கீழே யாரோ இருமுவது கேட்டது. மரச் சட்டங்களுக்கிடையே எட்டிப் பார்த்தேன். எண்ணெய் காணாத ஒரு தலையுச்சி தெரிந்தது.

"யாரு?"

"நாந்தான்." கமலா அண்ணாந்து பார்க்கவில்லை.

"எதுக்கு வந்தே?"

"சும்மாத்தான். நான் வந்தேன்னு அம்மாகிட்ட சொல்லாத, பிலோமி."

எனக்கு அவளிடம் பயமாக இருந்தது. அவள்மேல் இன்னும் அந்தக் குட்டைத் தண்ணீரின் வாடை அடிப்பதாக நினைத்துச் சன்னலைச் சாத்திக்கொண்டேன். மறுநாளும் இருமல் கேட்டது. அதற்கு அடுத்த நாளும். பால் வாளிகளோடு பெண்கள் திரும்பும் நேரத்துக்குச் சற்று முன்னால் எழுந்து போய்விடுவாள். நாங்கள் விளையாடவில்லை, அதிகம் பேசவும் இல்லை. ஆனால் சில நாட்களில், விடிந்ததும் அந்த இருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கத் தொடங்கிவிட்டேன்.

ஒரு நாள் வெட்டத் தொடங்கியவுடனே மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. அம்மா சீக்கிரமே திரும்பிவிட்டாள். நான் சன்னலில் நின்றிருந்தேன். கமலா சுவரோடு ஒட்டி, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, கூரையிலிருந்து ஊற்றும் தண்ணீருக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அம்மா முற்றத்தில் அப்படியே நின்றாள். முழுக்க நனைந்த அந்தப் பெண்ணைப் பார்த்து அவள் முகம் போன போக்கை இன்றும் என்னால் சொல்லில் வைக்க முடியவில்லை.

"இங்க என்னா பண்றே?"

கமலா எழுந்து நின்றாள். பற்கள் அடித்துக்கொண்டன. "பாப்பா தனியா இருக்கு, அத்தே. உள்ள தீகீ புடிச்சா, பாம்பு கீம்பு வந்தா... சத்தம் போட ஒரு ஆளு வேணும்லா."

"போ. வீட்டுக்குப் போ."

அவள் போனாள். அம்மா பூட்டைத் திறக்கவே முடியாமல் வெகுநேரம் கதவோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் மீண்டும் பூட்டிவிட்டுத்தான் போனாள். கமலாவும் மீண்டும் வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி, நாளைக்காக ஏன் கலங்குகிறீர்கள் என்று பிரசங்கம் வைத்தார். செபம் முடிந்ததும் அம்மா நேராக அவரிடம் போனாள்.

"என் புள்ளையும் குருவிதானே, ஐயா. விழுந்துச்சே."

உபதேசியார் காலையில் மரம் வெட்டி மாலையில் வேதம் படித்த எளிய மனிதர். கையிலிருந்த வேதப் புத்தகத்தை மூடினார். "எனக்கும் புரியலம்மா," என்றார். "புரியாமத்தான் நானும் முட்டி போடுறேன்."

அம்மா அப்பாவையும் என்னையும் வெளியே அனுப்பிவிட்டு உள்ளேயே இருந்தாள். கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். பீடத்துக்கு முன்னால் நெற்றி தரையில் பட அவள் குனிந்திருந்தாள். அழுகிறாளா செபிக்கிறாளா என்று தெரியவில்லை. "வேணாம், வேணாம்" என்று சொல்வது மட்டும் கேட்டது. யாரோ அவள் கையிலிருந்து எதையோ பிடுங்குவதுபோல இரு கைகளும் மூடியிருந்தன. வெகுநேரத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் நின்றது. வெளியே வந்தவள் எங்களோடு பேசாமல் லயத்தின் கடைசி வீட்டை நோக்கி நடந்தாள்.

கமலாவின் தாய் ராஜம்மா, கணவனை இழந்தவள், அம்மாவைப் பார்த்ததும் மகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அம்மா இடுப்பு முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"மழையில உக்காராத, கமலா. நாளையிலருந்து உள்ள வந்து இரு."

அம்மாவின் பயம் அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். முதல் நாளே, பாதி மரங்கள் வெட்டாமல் கிடக்க, மூச்சிரைக்க ஓடிவந்தாள். கமலாவும் நானும் வாசலில் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தோம். அம்மா பலாமரத்தடியில் நின்று பார்த்தாள். கிட்டே வரவில்லை. உதடுகள் அசைந்தன. பிறகு திரும்பி நடந்தாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று அப்பா சொன்னார். அப்படிப் பல நாட்கள் வந்தாள், நின்றாள், போனாள். "பயம் வரும்போதெல்லாம் ஆண்டவர் கையில உன்னைய வச்சுட்டு வேலைக்குப் போவேன். கொஞ்ச நேரத்துல திரும்ப எடுத்துக்குவேன். திரும்ப வைப்பேன்" என்று பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் ஜன்னி கண்ட குழந்தையின் வீட்டுக்கு அவளாகவே போனாள். தம்பியின் சட்டைகளை மடித்து அந்தக் குழந்தைக்கே கொடுத்தாள். அடுத்த வருடம் ராஜம்மா நெஞ்சு நோயோடு பத்து காஜா ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தபோது, கமலா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தம்பி படுத்த இடத்தில் அவளுக்குப் பாய் விரித்ததும் அம்மாதான். தூக்கத்தில் கமலா சில சமயம் அலறுவாள். அம்மா எழுந்துபோய் அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வருவாள்.

தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் காலியானதும் நாங்கள் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்குக்கு வந்தோம். கமலா கல்யாணமாகித் தைப்பிங் போனாள். இப்போது அங்கே ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறாள். அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். கடந்த நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு நாங்கள் இருவரும் தம்பியின் கல்லறையைத் தேடிப் போனோம். லயம் இருந்த இடத்தில் எண்ணெய்க்காக நட்ட செம்பனை வரிசை வரிசையாக நின்றது. கோயில் இருந்த மேடு எது என்றே தெரியவில்லை. குட்டையை மண் கொட்டி மூடி மேலே வீடுகள் கட்டியிருந்தார்கள். வாசல்களில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லறைகள் இருந்ததாகவே அங்கே வேலை செய்த வங்காளதேச இளைஞர்களுக்குத் தெரியவில்லை. மெழுகுவத்திகளை ஏற்றாமலே திரும்பினோம்.

பத்து காஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, கமலா சோற்றைப் பிசைந்துகொண்டே தலை நிமிராமல் சொன்னாள். "அவன் என் கையை விடல, பிலோமி. ரெண்டு பேரும் அமுங்குனோம். நான்தான் அவன் வெரல ஒன்னொன்னா பிரிச்சு விட்டேன்."

நான் தட்டிலிருந்து கையை எடுத்தேன். "அம்மாவுக்கு..."

"தெரியும்லா. உள்ள வந்து இருக்கச் சொன்னாங்களே, அடுத்த நாளே சொல்லிட்டேன். தெரியாம சேத்துக்கக் கூடாதுன்னுதான்."

"என்னா சொன்னாங்க?"

"கொல்லையில போயி ரொம்ப நேரம் நின்னாங்க. அடிப்பாங்கன்னு நெனச்சேன். திரும்பி வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுப் பாத்தாங்க. 'இது பன்னெண்டு வயசுக் கைடி'ன்னாங்க. அப்புறம் சோறு போட்டாங்க."

அத்தனை வருடங்கள் எங்களோடு வாழ்ந்து, நோயில் படுத்து, இறந்துபோகும்வரை அம்மா இதை அப்பாவிடமோ என்னிடமோ ஒரு சொல்லும் சொன்னதில்லை. அம்மாவிடம் கேட்க எனக்கு இப்போது எவ்வளவோ இருக்கிறது. பதில் சொல்ல அவள் இல்லை. கமலா மிச்சச் சோற்றை உருட்டி உருட்டிச் சாப்பிட்டு முடிக்கும்வரை, மஞ்சள் கறை படிந்த அந்தக் கைகளையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.