கதிர்காமநாதனின் இடியன் துவக்கு

மெல்பேர்ண் பக்கம் கிரான்பர்னில் பஸ் மெக்கானிக்காக இருக்கும் கதிர்காமநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் இடியன் துவக்கின்மேல் ஆசை பிடித்தது. குழல் வாயால் மருந்தும் ஈயக் குண்டும் போட்டு இடித்துச் சுடுகிற பழைய சாதி. அதற்கென்று இருந்த கழகமொன்றில் சேர்ந்தார். வெடிமருந்தைத் தானே செய்வதற்கும் அனுமதி எடுத்தார். அகதியாக ஏற்கச் சொல்லிக் கொடுத்த தாள்களைவிட இதற்குக் கொடுத்த தாள்கள் அதிகம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மனைவி சிவனேஸ்வரிக்கு வெடிச்சத்தம் ஆகாது. ஊரில் சண்டைக்காலத்தில் ஷெல்லுக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள் கிடந்த உடம்பு. புதுவருட வாணவேடிக்கைக்கே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கடைசியில் ஒரு முடிவு சொன்னார்.

"ஒருக்கா வந்து சத்தத்தைக் கேக்கிறன். என்னாலை தாங்கேலாட்டி துவக்கைப் பொலிசிலை குடுத்திடோணும்."

"ஓம்" என்றார் கதிர்காமநாதன். வேறு என்னத்தைச் சொல்வது?

மூன்று தரம் செய்த மருந்திலும் அவருக்குத் திருப்தி இல்லை. மருந்தில் சேர்க்கிற கரிதான் பிழை என்று தீர்மானித்தார். கேரம் டவுன்ஸ் கோயிலில் ஹோமம் முடிந்ததும் ஐயரிடம் கேட்டு ஒரு பை கரி வாங்கிவந்தார். ஆலும் அரசும் எரிந்த கரி, மந்திரம் வேறு சொல்லியிருக்கிறது, இதைவிடச் சுத்தமான கரி மெல்பேர்ணில் எங்கே கிடைக்கும்? அதற்குள் ஐயர் குடம் குடமாக நெய் ஊற்றியிருந்தார் என்பது மனிதருக்கு உறைக்கவேயில்லை.

ஞாயிறு காலை, மற்றவர்கள் வருமுன் கழகச் செயலாளர் சுடும் மைதானத்தைத் திறந்துவிட்டார். சிவனேஸ்வரி காதுக் கவசத்துக்கு மேலே கையையும் பொத்திக் கண்ணை மூடிக்கொண்டார். கதிர்காமநாதன் குறிபார்த்துச் சுட்டார். புஸ் என்றது. பலகாரம் கருகிய மணத்தோடு புகை வந்தது. குண்டு பத்தடி தள்ளிப் புல்லில் விழுந்தது. செயலாளர் மரியாதையாக வானத்தைப் பார்த்தார். கதிர்காமநாதனுக்கு மானமே போய்விட்டது.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டார் சிவனேஸ்வரி.

"ஓம்."

"இவ்வளவுதானோ!"

சிவனேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தார். துவக்குக்குப் பக்கத்தில் நின்று அவர் சிரித்ததை முப்பது வருடத்தில் கண்டதில்லை. கதிர்காமநாதனுக்குக் கண் கலங்கியது. உண்மையான சத்தம் இதுவல்ல என்று சொல்ல மனம் வரவில்லை.

செயலாளர் நல்ல மனிதர். கதிர்காமநாதனுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று, கவசத்தைப் போடச் சொல்லி எச்சரித்துவிட்டு, கடையில் வாங்கிய மருந்தை இட்டுத் தன் துவக்கைச் சுட்டார். மைதானமே அதிர்ந்தது. சிவனேஸ்வரியின் நகங்கள் கணவரின் கையில் பதிந்தன. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் கதிர்காமநாதன்.

ஆனால் சிவனேஸ்வரி ஓடவில்லை. ஒரு கண்ணைத் திறந்து செயலாளரைப் பார்த்தார்.

"பாவம், இந்த மனுசனுக்கும் நீங்களே மருந்து செய்து குடுங்கோவன்" என்றார் கணவரிடம்.