தகர யோயோவும் பிளாஸ்டிக் யோயோவும்

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குத் தேரடி வீதியில் போட்டிருந்த கடைகளில் ஒன்றில்தான் நாங்கள் முதன்முதலாக யோயோவைப் பார்த்தோம். கடைக்காரர் விரலில் நூலை மாட்டிக்கொண்டு விடுவதும் இழுப்பதுமாக இருந்தார். இரண்டு தினுசு வைத்திருந்தார். ஒன்று பச்சை வர்ணம் பூசிய தகரம், கனமானது. இன்னொன்று பிளாஸ்டிக், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் மஞ்சள்.

அக்கா யோசிக்காமல் தகரத்தை எடுத்தாள். எனக்கு மனசு பிளாஸ்டிக்கிலேயே நின்றது. அந்தச் சிவப்பு அப்படி.

அப்பா பஸ் கண்டக்டர். வேலூருக்கும் ஊருக்கும் போய்வந்த களைப்பில் வீட்டில் பேசுவதே கம்மி. அன்று இரண்டையும் கையில் வாங்கிச் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தவர், எங்களையும் கூட்டத்தையும் மறந்துவிட்டார். தகரத்தை இறக்கினால் அது நூலின் அடியில் நின்று கொஞ்ச நேரம் சுழன்றது. அவர் சுண்டியதும் விறுவிறுவென்று மேலேறி உள்ளங்கைக்கு வந்தது.

"ஏங்க, பசங்களுக்கு வாங்க வந்தீங்களா, உங்களுக்கா?" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தார்.

என்னுடையது லேசானது. நூல் முடியுமுன்பே சாய்ந்து சுற்றிக்கொள்ளும். ஆனால் என்னை வருத்தியது அதுவல்ல. டியூட்டி முடிந்து வந்ததும் அப்பா முகம் கழுவிவிட்டு அக்காவைத்தான் கூப்பிடுவார். இரண்டு பேரும் வாசலில் நின்று மாறி மாறி விடுவார்கள். நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு போனால் அப்பா இரண்டு முறை விட்டுப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்று திருப்பித் தந்துவிடுவார். ஒருநாள் அக்காவிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். நீதானே ஆசைப்பட்டு எடுத்தாய் என்றாள். அது நிஜம் என்பதால் அழக்கூட முடியவில்லை.

தை மாசம் அக்காவுக்கு அம்மை போட்டது. உள்ளறையில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். நான் அந்தப் பக்கமே போகக்கூடாது. அன்று சாயங்காலம் அப்பா ஆணியில் தொங்கிய தகர யோயோவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வரியாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

அக்காவுக்கு அம்மை இறங்கி மூன்றாம் தண்ணி ஊற்றும் வரை அந்தத் தகர யோயோ எனக்கும் அப்பாவுக்கும்தான். முதல் நாளே என் விரல் முட்டியில் அடித்துத் தோல் உரிந்தது. வலிக்குது என்று சொன்னால் அப்பா எடுத்து வைத்துவிடுவாரோ என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டு, மறுபடியும் யோயோவை என் கையிலேயே கொடுத்தார். வேலூர் பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பற்றி அவர் சிரித்துச் சிரித்துப் பேசியதை அந்த நாட்களில்தான் கேட்டேன். அக்காவுக்கு இதெல்லாம் தினமும் கிடைத்திருக்கிறது.

ஒருநாள் உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "விடாம எத்தனை வரைக்கும் வந்துச்சுடி?"

நடுவில் நிற்காமல் பத்தொன்பது தடவை கைக்கு வந்திருந்தது. அக்காவுக்குப் பதினாலைத் தாண்டியதில்லை.

"பத்து வந்துச்சுக்கா," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். நூலைச் சுற்றிக்கொண்டே, "ஆமா, பத்துதான்," என்றார்.