அரை மணி நேரத்தில் எங்கள் ஊர்

வரைபடத்தின் ஒரு மூலைக்கு அக்ரூட் கேக் டப்பா, இன்னொரு மூலைக்குக் காப்பிக் கெட்டில், மூன்றாவதற்குக் கணவர் கியேரியின் முழங்கை. நான்காவது மூலை சுருண்டு சுருண்டு எழுகிறது. மெங்கியா வீட்டுச் செருப்பில் ஒன்றைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுக்கிறார்.

"கைய எடுத்துடாதீங்க. எடுத்தா பாதி நாடு சுருட்டிக்கும்."

"அப்ப நான் எப்ப சாப்பிடறது?"

"இன்னொரு கை எதுக்கு இருக்கு?"

கியேரி மறுகையால் ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறார். பிப்ரவரி பிறந்தால் அந்த வீட்டில் இதுதான் காட்சி.

எங்கள் ஊர்ப் பாடகர் குழு வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் வெளியூர் போகும். எங்கே என்பதை மெங்கியாதான் முடிவு செய்கிறார். நாட்டின் எல்லையைத் தாண்டுவதில்லை. ஒரு வருடம் ஜெர்மன் பேசும் ஊர், அடுத்தது பிரெஞ்சு, அதற்கடுத்தது இத்தாலியன். நாட்டின் நான்காவது மொழியான ரொமான்ஷ் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பேர் பெற்ற சிகரங்களுக்கும் போவதில்லை. "அங்க போனா மலையா தெரியும்? முன்னால நிக்கிறவன் முதுகுதான் தெரியும்" என்பார். போகிற ஊரின் மொழியில் ஒரு பாட்டாவது கற்றுக்கொண்டுதான் பஸ்ஸில் ஏற வேண்டும். குழுவில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிற எனக்கு, உச்சரிப்புத் தப்பினால் விலாவில் ஒரு இடி விழும்.

மற்ற நாட்களில் அவர் மலைமேல் இருக்கும் பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறார். நீராவிக்கு நடுவே பிரெஞ்சு வானொலி ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பிரெஞ்சு கற்றார். அதிலும் வானிலை அறிக்கைதான் அதிகம். அதனால் பிரெஞ்சில் கோபப்பட வேண்டுமென்றால் 'மேற்கிலிருந்து பலத்த காற்று' என்றுதான் அவருக்குச் சொல்ல வரும். எதிராளிக்கு அது புரிந்தும் விடுகிறது.

ஹோட்டலுக்கு வருகிறவர்கள் இரண்டே நாளில் "நாட்டைப் பார்த்தாகிவிட்டது" என்று கிளம்பும்போது மெங்கியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் இங்கயே பொறந்தவ, இன்னும் பாத்து முடிக்கல. இவனுங்க எதைப் பாத்தானுங்களாம்?" என்று ஒரு தலையணை உறையை உதறுவார்.

இந்த வருடம் அந்தக் கோபம் வீட்டுக்குள்ளேயே வந்தது. ஒத்திகை முடிந்து எல்லோரும் கோட்டு மாட்டும் நேரத்தில் அவருடைய தங்கை மகன் ஃப்ளூரின் எழுந்தான். நகரத்தில் வங்கி வேலை. குழுவில் அடிக்குரல். நல்ல பையன்தான்.

"பெரியம்மா எத்தனை வருஷம்தான் தனியா அலைவாங்க? ஒரு டூர் கம்பெனிகிட்ட பேசியிருக்கேன். மூணே நாள்ல மொத்த நாட்டையும் சுத்திக் காட்டுவாங்க. கூடவே வழிகாட்டி வருவாரு. எல்லாம் இங்கிலீஷ்ல. யாரும் பிரெஞ்சு தெரியாம முழிக்க வேண்டாம்."

சிலர் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால் நானும் ஆட்டினேன். போன வருடத்து இடி இன்னும் விலாவில் இருந்தது.

மெங்கியா அவன் கையிலிருந்த கம்பெனியின் வண்ண விளம்பரத்தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். முதல் நாள் நான்கு ஊர். இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாளுக்கு வந்ததும் அவர் காதுமடல் சிவந்தது.

"ஃப்ளூரின், இதை முழுசாப் படிச்சியா?"

"மேலோட்டமா பாத்தேன் பெரியம்மா."

"மூணாம் நாள் சாயங்காலம், பழமை மாறாத மலைக்கிராமம். அரை மணி நேரம். கிராமத்து மக்களின் ரொமான்ஷ் பாட்டு." தாளை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். "பேரைப் படி. எழுத்துத் தப்பாத்தான் போட்டிருக்கான். இருந்தாலும் படி."

அவன் படித்தான். எங்கள் ஊர்.

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. மெங்கியா சிரிக்கவில்லை.

"நாம பஸ்ஸுல வந்து இறங்குறோம். சரி. அப்ப பாடறது யாரு?"

"அது... கம்பெனிக்காரங்களே ஆள் ஏற்பாடு பண்ணுவாங்க போல."

"நம்ம பாட்டை நமக்கு எவனோ பாடிக் காட்டுவான். நாம போட்டோ எடுத்துக்கிட்டு, அரை மணி நேரத்துல நம்ம வீட்டு வாசலைத் தாண்டிப் போயிடணும். அப்படித்தானே?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"பெரியம்மா, நான் சொல்ல வந்தது பாஷைப் பிரச்சினை. இங்கிலீஷ் எல்லாருக்கும் பொதுதானே?"

"ஒரே நாட்டுக்காரங்க ரெண்டு பேரு பேசிக்க மூணாவது நாட்டுக்காரன் வாயக் கடன் வாங்கணுமா? நம்ம மொழியைக் கடைக்காரன் கூட மதிக்கலன்னு நீதானே போன மாசம் குதிச்ச? பிரெஞ்சு பேசறவங்க மொழிக்கு நீ என்ன மரியாதை வெச்சிருக்க? தப்பும் தவறுமா பேசு. அவனும் தப்பாப் பேசட்டும். அதுக்குத்தான் போறோம். கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து மாட்டை வேடிக்கை பாக்கற மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பாக்கறதுக்கு இல்ல."

கை தூக்கச் சொன்னார்கள். கம்பெனித் திட்டத்துக்கு இரண்டு கைகள் எழுந்தன. அதில் ஃப்ளூரினின் கை இல்லை.

ஜெயித்தும் மெங்கியாவுக்கு ஆறவில்லை. வீடுவரை வழியெல்லாம் பனியைக் காலால் எத்திக்கொண்டே வந்தார். தலையாட்டியவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். என் பெயரையும், என்னிடமே.

சனிக்கிழமை நான் அவர் சமையலறையில் இருந்தபோது ஃப்ளூரின் வந்தான். ஷூவை வெளியே கழற்றிவிட்டுக் கதவருகிலேயே நின்றான்.

"தப்புத்தான் பெரியம்மா. நான் ஏதாவது வேலை செய்யறேன். சொல்லுங்க."

மெங்கியா போனை எடுத்து எண்களை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியதும் அவன் கையில் திணித்தார்.

"இந்த வருஷம் நாம தங்கப் போற ஜூரா மலைப் பக்கத்துச் சத்திரம். இருபத்திரண்டு பேருக்கு ரூம் கேளு. அவங்களுக்கு பிரெஞ்சு மட்டும்தான் வரும்."

"எனக்குப் பள்ளிக்கூடத்துல படிச்சதோட சரி. எல்லாம் மறந்துபோச்சு..."

மறுமுனையில் ஒரு பெண் குரல் "அல்லோ?" என்றது. ஃப்ளூரின் "போன்ஜூர்" என்றான். பிறகு வாயைத் திறந்தபடி நின்றான். எங்களைப் பார்த்தான்.

மெங்கியா அடுப்பைத் தணித்தார். நாற்காலியை இழுத்து அவனுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தார். பாட்டை நடுவில் விட்டவனைத் தொடரச் சொல்வதுபோல உள்ளங்கையை மெல்ல மேலே தூக்கி, அவன் அடுத்த சொல்லைச் சொல்லும்வரை இறக்காமல் அப்படியே வைத்திருந்தார்.